பெங்களூர் விருந்துக்கு எந்த ஒயின்? நம் சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு ஒப்பீடு

பெங்களூரில் வாரக்கடைசி விருந்து என்றால் சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் குழப்பம் இருப்பதில்லை. பக்கத்து மிலிட்டரி ஹோட்டலிலிருந்து தொன்னை பிரியாணி வந்துவிடும். யாராவது ஒருவர் கோழி வறுவல் செய்து எடுத்து வருவார். ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பா ஒன்று திறக்கப்படும். "நீ ஒயின் வாங்கிட்டு வந்துடு" என்று சொல்லப்பட்டவர்தான் கடையில் போய் முழித்துக்கொண்டு நிற்பார். பீருக்கும் விஸ்கிக்கும் அவருக்குக் கணக்குத் தெரியும். ஒயின் அலமாரியில் இருப்பதோ முப்பது நாற்பது லேபிள். கடைசியில், ஒயின் என்றால் சிவப்புதானே என்று, கையில் கனமாக இருக்கும் ரெட் ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவார்.

அந்த அலமாரியிலேயே நம் சாப்பாட்டுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது அதுதான் என்பது என் கட்சி. ரெட் ஒயின் மட்டமானது என்று சொல்லவில்லை. காரமும் புளியும் எண்ணெயும் உள்ள இலைக்குப் பக்கத்தில் வைக்கும்போது ஒவ்வொரு வகையும் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி.

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மதுவில் உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆகவே மருந்துக் கணக்கு வேண்டாம். குடிக்கிறவர் ருசிக்காகத்தான் குடிக்கிறார்.

நிறத்தைவிட முக்கியமானவை

திராட்சை கறுப்போ பச்சையோ, பெரும்பாலான ரகங்களில் சாறு கிட்டத்தட்ட நிறமற்றதுதான். நிறம் இருப்பது தோலில். கறுப்புத் திராட்சையைத் தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் ரெட் ஒயின். தோலை நீக்கிச் சாறை மட்டும் நொதிக்க விட்டால் ஒயிட் ஒயின். கறுப்புத் திராட்சையைச் சில மணி நேரம் மட்டும் தோலோடு ஊறவைத்து வடித்தால் ரோஸே. பச்சைத் திராட்சையைத் தோலோடு நொதிக்க விட்டு எடுக்கும் ஆரஞ்சு ஒயினும் உண்டு. ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் அதைச் செய்கிறார்கள், அந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் கண்ணில் படாது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

தோலிலிருந்தும் விதையிலிருந்தும் நிறத்தோடு கூடவே டானினும் இறங்குகிறது. அறுசுவை தெரிந்த நமக்கு அதை விளக்கவே வேண்டாம், துவர்ப்புதான் அது. பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையைத்தான் டானினும் செய்கிறது. எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறளவைக்கும்.

கடையில் பாட்டிலைப் பார்க்கும்போது மனதில் ஓட வேண்டியவை நான்கு. துவர்ப்பு எவ்வளவு? புளிப்பு எவ்வளவு? இனிப்பு மீந்திருக்கிறதா? ஆல்கஹால் எத்தனை சதவீதம்? திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிட்டால் கிடைப்பது டிரை ஒயின். நடுவில் நிறுத்திக் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் வைத்தால் லேசான இனிப்பு. விருந்துக்கு வாங்கும்போது இந்த மூன்றாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமானது. பெரும்பாலானோர் அதைக் கேட்பதே இல்லை.

ஆல்கஹால் சதவீதத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 13 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டிலில் கிட்டத்தட்ட 97 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் பெரிய பாட்டில் மூன்றில் இருப்பதும் அதே அளவுதான். "ஒயின்தானே, ஒன்றும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள்.

ரெட்: எங்கே தோற்கிறது, எங்கே ஜெயிக்கிறது

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அப்படியானால் ஒயின் காரத்தை அடக்கிவிடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒயினில் இருக்கும் 13, 14 சதவீதம் அதற்குப் போதாது. அது மட்டுமல்ல, வாயில் சூட்டை உணரும் நரம்புகளில் கேப்சைசின் எதைத் தூண்டுகிறதோ அதையேதான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. எரிகிற வாயில் இன்னும் எரிச்சல். போதாததற்கு டானினின் துவர்ப்பு, காரத்தோடு சேரும்போது கசப்பாகவே திரும்பிவிடும். ஆந்திரா பாணி சில்லி சிக்கனுக்கு கேபர்னே சாவினான் என்ற கனமான ரெட் ஒயினை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இரண்டில் எதன் ருசியும் உங்களுக்குக் கிடைக்காது.

ஐரோப்பாவில் ரெட் ஒயினை மாட்டிறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பும் புரதமும் உப்பும் டானினை அடக்கும். அந்தத் தட்டில் மிளகாய் இல்லை. நம் தட்டில் அதற்கு இணையானது எது என்று தேடினால் ஒரு பதில் கிடைக்கிறது: மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்கா.

ஷிராஸ் திராட்சையில் செய்த ஒயினில் மிளகு வாசனை வரும் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டண்டோன் என்ற சேர்மம், மிளகிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. ஒப்புமைக்காகச் சொல்லும் மிளகு வாசனை இல்லை, நிஜமான மிளகு வாசனையே. வரமிளகாயைக் குறைத்து மிளகை ஏற்றி, நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கிய சுக்காவுக்கு ஷிராஸ் நன்றாகப் பொருந்துகிறது. நாசிக் பக்கத்து ஒயின் நிறுவனமான சூலாவின் தின்டோரி ரிசர்வ் ஷிராஸ் பெங்களூரில் சுலபமாகக் கிடைக்கிறது. உள்ளூர்ச் சரக்கு வேண்டுமென்றால் நந்தி மலைப் பக்கம் குரோவர் ஜாம்பாவின் லா ரிசர்வ் இருக்கிறது. கேபர்னே சாவினானும் ஷிராஸும் கலந்து ஓக் பீப்பாயில் ஊறியது. ஹம்பி பக்கத்திலிருந்து வரும் கிருஷ்மாவின் கேபர்னேவும் நல்ல ஒயின்தான். விலை கூடுதல், கனமும் கூடுதல். அதைத் தொன்னை பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்து வீணாக்க வேண்டாம்.

எல்லா ரெட்டும் இத்தனை கனமும் இல்லை. இத்தாலியின் சாஞ்சியோவேஸே ரகத்தில் புளிப்பு தூக்கல். அதை சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜில் வளர்த்து ஃபிராடெல்லி ஒயின் ஆக்குகிறது. தக்காளி நிறையப் போட்ட சால்னாவுக்கு, ரெட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவருக்கு நான் இதைச் சொல்வேன்.

அப்புறம், ரெட் ஒயினை "அறை வெப்பத்தில்" பரிமாற வேண்டும் என்று ஒரு சட்டம் ஊரெல்லாம் உலவுகிறது. அது குளிர்நாட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. பெங்களூரில் டிசம்பர் இரவில் வேண்டுமானால் அது சரிப்படும். ஏப்ரலில் நம் அறை 30-ஐத் தொடும்போது ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒயிட்: ஒரே பெயரில் மூன்று குணம்

ஒயிட் ஒயின் பெண்கள் குடிப்பது என்று ஒரு நினைப்பு நம் ஆண்கள் கூட்டத்தில் இருக்கிறது. அந்த நினைப்பால் அவர்கள் இழப்பது அதிகம், ஏனென்றால் நம் சாப்பாட்டின் நிஜமான ஜோடி இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, சாவினான் பிளாங்க் என்ற திராட்சை ரகம். அதில் புளிப்பு கூர்மையாக இருக்கும். வாசனையில் பச்சைப் புல், குடைமிளகாய், சில சமயம் பேஷன் ஃப்ரூட். இப்போது தொன்னை பிரியாணியை நினைத்துப் பாருங்கள். அதன் பச்சை நிறமே கொத்தமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டதால் வருவது. பச்சை வாசனையும் பச்சை வாசனையும் சேரும் இடம் அது. மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிகிறோம் இல்லையா, அந்த எலுமிச்சையின் வேலையையும் இந்த ஒயின் செய்துவிடுகிறது. வஞ்சிரம் வறுவலுக்கு வேறு எதையும் நான் தேட மாட்டேன்.

ஆனால் காரம் ஏற ஏற சாவினான் பிளாங்க் தடுமாறும். சுத்தமான டிரை என்பதால் மிளகாய்க்கு எதிராக வைக்க அதனிடம் இனிப்பு கிடையாது. அந்த இடத்தில்தான் ஷெனின் பிளாங்க் வருகிறது. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கு ரகமான இது நாசிக் மண்ணில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. சூலாவின் ஷெனின் பிளாங்கில் லேசாக இனிப்பு மீந்திருக்கும், புளிப்பும் கூடவே இருக்கும். நாக்கில் எரிச்சலை மட்டுப்படுத்துவதில் இனிப்புக்கு இணை இல்லை. காரசாரமான சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு வாய் வெல்லம் கேட்பவர்களுக்கு இது தெரியும். சிக்கன் 65, செட்டிநாடு வறுவல், மங்களூர் நெய் ரோஸ்ட், புளி தூக்கலான மீன் குழம்பு, எல்லாவற்றையும் இது தாங்குகிறது. புளிக்குழம்பில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சாப்பாடு புளிப்பாக இருக்கும்போது ஒயினின் புளிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். புளிப்பில்லாத ஒயினாக இருந்தால் சப்பென்று ஆகிவிடும். ஷெனினுக்கு அந்தக் கவலை இல்லை. ரீஸ்லிங் கிடைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், ஆனால் லேபிளில் டிரையா இல்லையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டனே. வெண்ணெயும் வெனிலாவும் கலந்த மணம், புளிப்பு குறைவு, கனம் அதிகம். புளிக்கும் காரத்துக்கும் எடுபடாது. திருநெல்வேலி சொதி, தேங்காய்ப்பால் ஊற்றிய குருமா, நெய்ச்சோறு, இந்த வரிசைக்கு மட்டும் நன்றாக இருக்கும். அப்படி ஒரு சமையல் உங்கள் வீட்டில் இல்லையென்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

ஒயிட் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். பழையது என்றால் உசத்தி என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. நம் நாட்டு ஒயிட் ஒயின்களைப் பெரும்பாலும் இளமையில் குடித்துவிட வேண்டும். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர் வாக்கில் என்றால் இங்கே ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். ஆகவே லேபிளில் உள்ள ஆண்டு இந்த ஆண்டோ போன ஆண்டோ என்றால் நல்லது. நான்கைந்து ஆண்டு பழைய ஷெனின், ஜன்னல் வெயில் படும் அலமாரியில் நிற்கிறது என்றால் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். திருகு மூடி போட்டிருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். கார்க் கெட்டுப்போய் ஒயின் ஈரக் காகித வாடை அடிக்கும் தொல்லை அதில் கிடையாது.

ரோஸே

தட்டில் மீனும் கோழியும் பிரியாணியும் எல்லாம் கலந்து கிடக்கிறது, விருந்தினரில் பாதிப் பேர் ரெட் கேட்பவர்கள், பாதிப் பேர் ஒயிட். அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு ரோஸே. டானின் மிகக் குறைவு, பழவாசனை உண்டு, ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் குடிக்கலாம். குரோவரின் ஷிராஸ் ரோஸே டிரை, சூலாவின் ஜின்ஃபாண்டெல் ரோஸேவில் இனிப்பு கொஞ்சம் எட்டிப்பார்க்கும். காரச் சாப்பாட்டுக்குப் பின்னதையே எடுப்பேன்.

ஸ்பார்க்ளிங்: காசு கூட, ஆனால்

நுரைக்கும் ஒயின் எல்லாம் ஷாம்பெயின் இல்லை. பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் விளைந்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். அங்கே முதல் நொதிப்பு முடிந்த ஒயினைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கிறார்கள். இத்தாலியின் புரொசெக்கோவில் அந்த இரண்டாம் நொதிப்பு பெரும்பாலும் பெரிய தொட்டியில் நடக்கிறது, அதனால் விலை குறைவு, பழவாசனை தூக்கல். நம் நாட்டில் சூலா புரூட், குரோவர் ஜாம்பாவின் சொய்ரே ஆகியவை பாட்டில் முறையில்தான் வருகின்றன. வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீத அடிப்படைச் சுங்கவரி இருந்துவந்த நாட்டில், இந்த வகையில் உள்ளூர்ப் பாட்டில் கொடுக்கும் மதிப்பு கண்கூடு.

சாப்பாட்டுக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, மெது வடை, வெங்காய பஜ்ஜி, முறுக்கு, தட்டை, மசாலா வேர்க்கடலை எல்லாம் சுற்றிவரும் நேரம், அதற்கு ஸ்பார்க்ளிங்கை அடித்துக்கொள்ள வேறு ஒயின் இல்லை. புளிப்பும் நுரையும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து கழுவிவிடும். உப்பு அதன் ருசியை இன்னும் தூக்கும். சைவச் சாப்பாட்டு வீடுகளில் ஒரே ஒரு பாட்டில்தான் என்றால் நான் இதையே சொல்வேன். (சில ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுக்கும் பசையோ பயன்படுத்துவது உண்டு. கண்டிப்பான சைவர் என்றால் தயாரிப்பாளரின் விவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.)

லேபிளில் ஒரு பொறி இருக்கிறது. "எக்ஸ்ட்ரா டிரை" என்று எழுதியிருந்தால் இனிப்பே இருக்காது என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் அது "புரூட்"டைவிட இனிப்பு. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம். "டெமி-செக்" என்றால் 32 முதல் 50 கிராம். வடைக்குப் புரூட், காரமான வறுவலுக்கு எக்ஸ்ட்ரா டிரை.

நன்றாகக் குளிரவைத்து, 6 முதல் 8 டிகிரியில் திறக்க வேண்டும். குலுக்கி மேலே பீய்ச்சுவதெல்லாம் கிரிக்கெட்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

இனிப்பு ஒயினும் போர்ட்டும்

பெங்களூர்த் தமிழர்கள் பலருக்கு முதலில் அறிமுகமான ஒயின் இந்த வகைதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபிரேசர் டவுன், குக் டவுன் பக்கத்து வீடுகளில் பிளம் கேக்கோடு சின்னக் கிளாஸில் வருவது. கிராம்பு வாசமும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும். அந்த ருசிக்குப் பின்னால் இருக்கும் பெங்களூர் புளூ திராட்சைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர் பக்கமெல்லாம் விளைகிறது. ஜூஸுக்கும் ஜாமுக்கும் அருமையான பழம், டிரை ஒயினுக்கு ஒத்துவராது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் "போர்ட் ஒயின்" பெரும்பாலும் இனிப்பூட்டிய ரெட் ஒயின். போர்ச்சுக்கலின் அசல் போர்ட்டில் நொதிப்பு நடக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிப்பும் மீந்திருக்கும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தை நெருங்கும். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துப் பார்க்கக் கூடாது. சாப்பாட்டோடு இரண்டுமே வேண்டாம். கடைசியில் பாதாம் அல்வாவோ பால்கோவாவோ வரும்போது எடுக்கலாம். அதற்கும் ஒரு விதி: ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளித்த தண்ணீராகத் தெரியும். நம் இனிப்புகளை அந்தப் போட்டியில் ஜெயிப்பது கஷ்டம். கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுப் பறித்த திராட்சையில் செய்யும் லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பழ சாலட்டுக்கும் கேசரிக்கும் சரிவரும். ஜாங்கிரிக்குக் காபிதான்.

சரி, எதை வாங்குவது?

150 மில்லி கிளாஸ் என்று வைத்தால் ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ். எட்டுப் பேருக்கு மூன்று பாட்டில் தாராளம். பலகார நேரத்துக்கு ஒரு புரூட், சாப்பாட்டுக்கு இரண்டு ஷெனின், இதுதான் என் கணக்கு. மட்டன் சுக்கா நிச்சயம் உண்டு என்றால் ஷெனினில் ஒன்றைக் குறைத்து ஷிராஸ். ஒரே பாட்டிலுக்குத்தான் காசு என்றால் அசைவச் சாப்பாட்டுக்கு ஷெனின், யோசனையே வேண்டாம். பரிசாகக் கொடுப்பது என்றால் மட்டும் என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்துவேன். எப்போது எதோடு திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது, சில மாதம் அலமாரியில் கிடந்தாலும் நல்ல ரெட் தாங்கும். சென்னைக்குப் போகும்போது உறவினருக்கு என்று பெட்டியில் வைக்கும் யோசனை இருந்தால், ஓசூருக்கு முன்னால் மாநில எல்லையைத் தாண்டினாலே விதிகள் வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ருசித்துப் பார்க்க ஆசை என்றால் தொட்டபள்ளாப்பூர்ப் பக்கம் குரோவர் ஜாம்பா தோட்டத்தில் சுற்றிக்காட்டிப் பல வகைகளைச் சின்னச் சின்ன அளவில் ஊற்றித் தருகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, ஓட்டுநரோடு போங்கள்.

மீந்ததை என்ன செய்வது? ரெட்டோ ஒயிட்டோ, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், ரெட்டையும் வெளியே வைக்க வேண்டாம். அசல் போர்ட் சில வாரம்கூட நிற்கும். ஸ்பார்க்ளிங் ஒன்றுதான் அவசரக்காரி. பாட்டில் வாயில் ஸ்பூனைச் செருகி வைத்தால் நுரை போகாது என்று யாராவது சொல்வார்கள், அதில் ஒன்றும் இல்லை. கவ்விப் பிடிக்கும் மூடி கடைகளில் தனியாகவே விற்கிறது, அதைப் போட்டு வைத்தால் மறுநாள் மாலைக்கும் கொஞ்சம் நுரை மிஞ்சும்.